புரொப்பெல்லர் சுழலட்டும்: பிரிட்டனின் பழைய போர் விமானங்களைப் படம் பிடிக்க

இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஸ்பிட்ஃபயர் போர் விமானம், மூக்கிலிருந்து வால் வரை கூர்மையாக விழுந்த ஒரு படம். பின்னால் பளிச்சென்ற நீலவானம். ஆனால் புரொப்பெல்லரின் நான்கு பிளேடுகளும் அசையாமல் நிற்கின்றன. ஒவ்வொரு கோடையிலும் இத்தகைய படங்களை நிறையப் பார்க்கிறேன். எடுத்தவர் நல்ல கேமரா வைத்திருக்கிறார், நீளமான லென்ஸ் வைத்திருக்கிறார், ஷட்டரை 1/2000 விநாடியில் வைத்துவிட்டார். விளைவு, நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை விமானம். எண்பது வயதைத் தாண்டிய ஓர் இயந்திரம் இன்னும் தன் எஞ்சின் பலத்தில் பறக்கிறது என்பதுதான் அங்கே காணக் கிடைத்த அதிசயம். அது படத்தில் இல்லை.

நான் லிங்கன் நகரத்துப் பஸ் பணிமனையில் டீசல் மெக்கானிக். எஞ்சின் ஓடுவதும் நிற்பதும்தான் என் பிழைப்பு. அதனால்தானோ என்னவோ, இந்த விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் அதிகம். பணி ஓய்வு பெற்ற பிரிட்டிஷ் ராணுவ விமானங்களைப் படம் பிடிக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வதில் பெரும்பகுதி ஷட்டர் வேகத்தைப் பற்றியே இருக்கும். லென்ஸ், இடம், வெளிச்சம் எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் ஒரு கணக்கு. ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவே வேகத்தைக் குறைக்கும் கியர் ஒன்று உண்டு. பல ஸ்பிட்ஃபயர் மெர்லின்களில் அதன் விகிதம் 0.477. ஆக, புரொப்பெல்லர் சுற்றுவது நிமிடத்துக்குச் சுமார் 1,145 முறை, விநாடிக்கு 19 முறை. ஷட்டர் 1/2000 விநாடி திறந்திருந்தால் பிளேடு நகர்வது மூன்றரை டிகிரிக்கும் குறைவு. கண்ணுக்கு அது நிற்பதாகத்தான் தெரியும். 1/160 விநாடி என்றால் 43 டிகிரி. மார்க் 9 வகை ஸ்பிட்ஃபயருக்கு நான்கு பிளேடுகள், ஒன்றுக்கொன்று 90 டிகிரி இடைவெளி. அந்த இடைவெளியில் ஏறக்குறைய பாதியைப் பிளேடு வழித்துக்கொண்டு போகும். படத்தில் அழகான விசிறி வட்டம் கிடைக்கும்.

மூன்று பிளேடு உள்ள விமானத்துக்கு இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போக வேண்டும். பிரிட்டன் போர் நினைவுப் பறப்புக் குழுவிடம் உள்ள பி7350 என்ற ஸ்பிட்ஃபயர் அந்த ரகம். 1940இல் ஜெர்மன் விமானப்படையை எதிர்த்து வானில் நடந்த பிரிட்டன் போரில் உண்மையாகவே சண்டையிட்டு இன்றும் பறக்கும் விமானம் அது. அதே குழுவின் லங்காஸ்டர் பிஏ474 குண்டுவீச்சு விமானத்தில் கியர் விகிதம் 0.42, பிளேடுகள் மூன்று. அதே எஞ்சின் வேகத்தில் விநாடிக்கு 17 சுற்று. 1/125இல் வைத்தால் 48 டிகிரி. அதன் நான்கு எஞ்சின்களின் புரொப்பெல்லர் வட்டங்களும் ஒருங்கே தெரியும் லங்காஸ்டர் படம் ஒன்று கையில் வந்துவிட்டால், பிறகு நீங்கள் 1/2000 பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள்.

ஹெலிகாப்டர் வந்தால் கணக்கே மாறிவிடும். தேடுதல், மீட்புப் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்ற சீ கிங்கின் மேல் சுழலி நிமிடத்துக்கு 200 சுற்றுக்குச் சற்று மேல்தான் சுற்றும். விநாடிக்கு மூன்றரை முறை. ஸ்பிட்ஃபயருக்குப் போதுமான 1/160இல் சீ கிங்கின் பிளேடு நகர்வது எட்டு டிகிரிதான். 1/60 வரை இறங்க வேண்டும், முடிந்தால் அதற்கும் கீழே. ஹெலிகாப்டர் ஒரே இடத்தில் மிதந்து நிற்கும்போது அது சாத்தியம்தான்.

இவ்வளவு மெதுவான ஷட்டரில் விமானம் மட்டும் எப்படிக் கூர்மையாக விழும் என்று கேட்பீர்கள். கேமராவை விமானத்தோடு சேர்த்துத் திருப்ப வேண்டும், அதே வேகத்தில், தடங்கலில்லாமல். விமானம் உங்களுக்கு மிக அருகே வரப்போகும் இடத்தைப் பார்த்துப் பாதங்களை ஊன்றிக்கொள்ளுங்கள். விமானம் வரும் திசைக்கு இடுப்பிலிருந்து மேலே மட்டும் திருகித் திரும்புங்கள். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். அது தொலைவில் இருக்கும்போதே வியூஃபைண்டரில் பிடித்து ஃபோகஸைத் தொடரவிடுங்கள். உங்களுக்கு நேர் எதிரே வரும்போது உடம்பின் முறுக்கு அவிழ்ந்து மிக இலகுவாக இருக்கும். அங்கேதான் பொத்தானை அழுத்த வேண்டும், நாலைந்து படங்களுக்கு மேல் வேண்டாம். படம் எடுத்த பிறகும் கேமரா விமானத்தோடு போய்க்கொண்டே இருக்கட்டும். அழுத்தியவுடன் கையை நிறுத்துகிறவர்களுக்குக் கடைசிப் படங்கள் எப்போதும் மங்கும்.

பயிற்சிக்கு விமானம் தேவையில்லை. எங்கள் பணிமனை வாசலுக்கு எதிரே உள்ள நடைபாதையில் நின்று, கடந்து போகும் பஸ்களை 1/60இல் எடுத்துப் பழகச் சொல்லித்தான் என் மகளுக்குக் கற்றுக்கொடுத்தேன். பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்க முடிகிறதா, சக்கரம் சுழல்கிறதா என்ற இரண்டைத்தான் பார்ப்போம். ஒரு சனிக்கிழமை காலையில் வேண்டிய அளவுக்குப் பஸ் போகும். ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் லங்காஸ்டரின் மேல் பயிற்சி எடுப்பது சரியாகாது.

நன்றாகப் பழகினாலும் 1/125இல் எடுத்த படங்களில் பெரும்பாலானவை மங்கலாகவே இருக்கும். அதை ஏற்றுக்கொள்ளுங்கள். விமானம் வந்தவுடன் முதல் சுற்றில் 1/320இல் சிலவற்றைப் பத்திரமாக எடுத்துவிட்டு, அடுத்த சுற்றில் 1/200, பிறகு 1/125 என்று இறங்குங்கள். வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியிருக்காது.

இங்கே ஒரு சிக்கல் முளைக்கும். பளிச்சென்ற வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125 என்று வைத்தால், கேமரா லென்ஸின் துளையை எஃப் 14, எஃப் 16 என்று சுருக்கிவிடும். அவ்வளவு சிறிய துளையில் படத்தின் கூர்மை குறையும். சென்சாரில் படிந்த ஒவ்வொரு தூசும் வானத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். லென்ஸின் முன்னால் ஒரு போலரைசர் ஃபில்டரைத் திருகினால் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறைந்து (ஒரு ஸ்டாப் குறைவது என்றால் வெளிச்சம் பாதியாவது) துளை திறக்கும். கிளம்புவதற்கு முந்தைய இரவே சென்சாரைத் துடைத்து வையுங்கள்.

ஜெட் விமானங்களுக்கு இந்தப் பாடு இல்லை. நேட், ஜெட் புரோவோஸ்ட், ஹண்டர் போன்றவற்றை 1/1000, அதற்கும் மேலே வைத்து எடுக்கலாம்.

லென்ஸ் எவ்வளவு நீளம் வேண்டும்? கடைக்காரரைக் கேட்பதைவிடக் கணக்குப் போடுவது மேல். முழுச் சட்டக சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். விமானம் 200 மீட்டர் தொலைவில் போகும்போது 400 மில்லிமீட்டர் லென்ஸில் தெரியும் அகலம் 18 மீட்டர். ஸ்பிட்ஃபயரின் இறக்கை விரிவு சுமார் 11 மீட்டர். சரியாகப் பொருந்தும், சுற்றிலும் மூச்சுவிட இடமும் இருக்கும். லங்காஸ்டருக்கு 31 மீட்டர். அதே தொலைவில் அதற்கு 200 மில்லிமீட்டர் போதும். ஆகவே 100-400 வகை ஜூம் லென்ஸ் ஒன்று இருந்தால் இரண்டையும் சமாளிக்கலாம். 150-600 லென்ஸ்களும் நல்லவைதான், ஆனால் நாள் முழுக்கக் கையில் ஏந்தி நிற்கையில் மாலையில் கை நடுங்கும், மெதுவான ஷட்டருக்கு அந்த நடுக்கம் ஆகாது. பெரிய லென்ஸை வாடகைக்கு எடுத்துவந்து அன்றைக்கே முதன்முதலாகத் தூக்குவதைவிட, கைக்குப் பழகிய சிறிய லென்ஸே மேல்.

எங்கே போவது, எங்கே நிற்பது

கேம்பிரிட்ஜ் அருகிலுள்ள டக்ஸ்ஃபர்டில் பழைய விமானங்கள் கூட்டமாகப் பறப்பதைப் பார்க்கலாம். ஆனால் படம் எடுப்பவருக்கு அங்கே ஒரு தொல்லை. ஹேங்கர்களும் பார்வையாளர்களும் ஓடுபாதைக்கு வடக்கே இருப்பதால் நாள் முழுக்க நாம் தெற்கே பார்த்து நிற்கிறோம். பிரிட்டனில் உச்சி வெயிலும் தெற்கிலிருந்துதான் வருகிறது. தெற்குக் கடற்கரை நகரங்களின் காட்சிகளிலும் இதே கதைதான். விமானத்தின் நம் பக்கம் இருண்டு கிடக்கும். அப்போது எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள். வானம் வெளிறிப் போகட்டும், பரவாயில்லை. விமானப்படையின் வட்டக்குறியும் வரிசை எண்ணும் தெரிந்தால் போதும். அல்லது எதிர்வெளிச்சத்தையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். மேகத்தின் ஓரத்தில் நிழலுருவாகப் போகும் ஹரிக்கேன் போர் விமானத்துக்கு நிறமே தேவையில்லை. அதன் கூனல் முதுகு ஒன்றே அடையாளம்.

வெள்ளையும் சிவப்புமாகப் பூசிய பயிற்சி விமானங்களுக்கு நேர்மாறு. மேகம் விலகி வெயில் நேராக அடிக்கும்போது வெள்ளை எரிந்துபோகும். மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறைத்து எடுங்கள். எல்லாவற்றையும் ரா கோப்பாகச் சேமித்தால் நிழலுக்குள் இருப்பதைப் பிறகு மீட்கலாம்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த இடம் பெட்ஃபர்ட்ஷயரில் உள்ள ஓல்டு வார்டன் புல்வெளி. ஷட்டில்வொர்த் சேகரிப்பின் வீடு அது. அங்கே விமானங்கள் பறக்கும் பாதை நேர்கோடாக இல்லாமல் நடுவில் வளைகிறது. அந்த வளைவில் விமானம் ஒருக்களித்துத் திரும்பும்போது இறக்கைகளின் மேற்புறம், விமானியின் தலை, தோள், தோல் தொப்பி எல்லாம் தெரியும். மற்ற இடங்களில் பெரும்பாலும் வயிற்றுப்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். வளைவுக்கு எதிரே இடம் பிடிக்க வாசல் திறந்தவுடனே போய்விட வேண்டும். ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு வைப்பது அங்கே எல்லோரும் மதிக்கும் வழக்கம். உயரமான ஏணிக்குப் பல கண்காட்சிகளில் அனுமதி கிடையாது, டிக்கெட்டோடு வரும் விதிகளைப் படித்துவிடுங்கள்.

அங்கே முதல் உலகப்போர்க் காலத்து சாப்வித் பப் பறக்கும். சுழல் எஞ்சின் வகை அது. புரொப்பெல்லரோடு எஞ்சினின் சிலிண்டர்களும் சேர்ந்தே சுற்றும். மசகுக்கு ஆமணக்கெண்ணெய். எஞ்சின் பிடித்தவுடன் காற்றில் வரும் வாசம் ஆமணக்கெண்ணெயை அறிந்த எவருக்கும் புதிதாக இருக்காது. இத்தகைய எடை குறைந்த விமானங்கள் காற்று அடங்கினால்தான் மேலே போகும், அதனால் மாலை நேரக் காட்சிகளின் கடைசிவரை காத்திருங்கள். வேகம் மிகக் குறைவு என்பதால் 1/80இலும் கேமராவைக் கூடவே திருப்ப முடியும். தாழ்ந்த வெயில் துணி போர்த்திய இறக்கைகளின் ஊடே பாயும்போது உள்ளிருக்கும் மரச்சட்டங்கள் நிழலாகத் தெரியும். அந்தப் பத்து நிமிடத்துக்காக ஒரு நாள் முழுவதையும் தரலாம்.

தரையில் எஞ்சின் பிடிக்கும் கணம்

பறக்கும்போது மட்டும் படம் எடுப்பவர்கள் பாதியைத் தவற விடுகிறார்கள். மெர்லின் எஞ்சினைக் கிளப்புவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? தரைப் பணியாளர் ஒருவர் தீயணைப்பானோடு மூக்குக்குச் சற்றுத் தள்ளி நிற்பார். புரொப்பெல்லர் முதலில் தயங்கித் தயங்கி ஒரு சுற்று வரும். ஒவ்வொரு பிளேடும் தனித்தனியே கண்ணுக்குத் தெரியும். பிறகு ஒரு சிலிண்டர் வெடிக்கும், அடுத்தது வெடிக்கும், பக்கவாட்டில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் புகைக்குழல்களிலிருந்து வெளிர்நீலப் புகை பொங்கிப் பின்னோக்கிப் போய் விமானியின் முகத்தை மூடும். குழல் நுனியில் செம்மஞ்சள் நாக்கு ஒன்று எட்டிப் பார்த்து மறையும். அதற்குள் எல்லாச் சிலிண்டர்களும் சேர்ந்துகொள்ளும், புரொப்பெல்லர் மறையும், புகை கிழிந்து விலகும். எல்லாம் ஒருசில விநாடிகள்.

இதற்குத் தயாராக இருக்க வேண்டுமானால், விமானி அறைக்குள் ஏறும்போதே ஷட்டரை 1/60க்கு மாற்றிவிடுங்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது புரொப்பெல்லர் விநாடிக்கு ஆறேழு முறைதான் சுற்றும். வானத்தில் சரிப்பட்ட 1/160 தரையில் அதை உறைய வைத்துவிடும். ஃபோகஸைப் புகைக்குழல்களின் மேல் வைத்துப் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் புகை எழும்போது கேமரா தடுமாறும். பின்னாலும் சற்று இடம் விட்டுச் சட்டகத்தை அமையுங்கள், புகை அந்தப் பக்கம்தான் போகும்.

இதற்கு லிங்கன்ஷயரில் ஈஸ்ட் கர்க்பியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அங்கே என்எக்ஸ்611 என்ற மற்றொரு லங்காஸ்டர், ‘ஜஸ்ட் ஜேன்’ என்ற பெயரில், நான்கு மெர்லின்களையும் ஒவ்வொன்றாகக் கிளப்பிப் புல்வெளியில் ஓடும். ஒரே நிகழ்வில் நான்கு வாய்ப்பு! முதல் எஞ்சினில் எக்ஸ்போஷரைச் சரிபார்த்துக்கொண்டு மூன்றாவதிலும் நான்காவதிலும் நல்ல படம் எடுக்கலாம். அதை மீண்டும் பறக்க வைக்கும் வேலையும் அங்கேயே நடக்கிறது, அதனால் ஓட்டம் உள்ள நாட்களைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பெரிய ஜெட்டுகளில் வல்கன் குண்டுவீச்சு விமானத்தை இனி வானத்தில் எடுக்க முடியாது. கடைசியாகப் பறந்த எக்ஸ்எச்558, 2015 அக்டோபர் 28 அன்று டான்காஸ்டரில் தரையிறங்கியதோடு சரி. ஆனால் வெல்ஸ்பர்னில் எக்ஸ்எம்655ஐப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் அதன் எஞ்சின்களை உயிரோடு வைத்திருக்கிறார்கள். புரொப்பெல்லர் இல்லாத இத்தகைய விமானம் ஓடுகிறது என்பதைப் படத்தில் எப்படிக் காட்டுவது? பிரேக்கைப் பிடித்துக்கொண்டு எஞ்சின் வலுவைக் கூட்டும்போது மூக்குச் சக்கரத்தின் தாங்கி அமுங்கி மூக்கு தாழும். பின்னால் உள்ள மரங்கள் வெப்பத்தில் நெளியும். புல் படுத்துக்கொள்ளும். காது மறைப்பு அணிந்த பணியாளர்கள் உடம்பைச் சாய்த்து நிற்பார்கள். இவற்றில் இரண்டையாவது சட்டகத்துக்குள் கொண்டுவாருங்கள், பின்பக்கவாட்டிலிருந்து, பார்வையாளர்களுக்கான தடுப்புக் கயிற்றுக்கு இப்பால் நின்று. காதில் அடைப்பான் வைக்காமல் போகாதீர்கள். லென்ஸ் மூடி, தொப்பி, பிளாஸ்டிக் பை எதுவும் காற்றில் பறக்கும்படி வைக்காதீர்கள். ஒரு பை உள்ளே போனால், மாற்று எஞ்சின் கிடைப்பதே அரிதான அந்த விமானத்தின் கதை அங்கேயே முடிந்துவிடலாம்.

அந்த நெளியும் வெப்பம் நமக்கு எதிரியாகவும் வரும். நண்பகலுக்குப் பிறகு கான்கிரீட் ஓடுபாதையின் மேல் எழும் சூடான காற்றில், தொலைவில் ஓடும் விமானம் தண்ணீருக்குள் இருப்பதாகவே விழும். எந்த லென்ஸாலும் அதைத் திருத்த முடியாது. தரைப்படங்களைக் காலையில் முடித்துவிட்டு மதியத்தில் வானத்தைப் பாருங்கள்.

தூரத்தைப் பற்றிச் சிலர் அலுத்துக்கொள்கிறார்கள், முன்பெல்லாம் விமானங்கள் இன்னும் அருகே வரும் என்று. 2015 ஆகஸ்ட் 22 அன்று ஷோர்ஹாமில் ஹண்டர் ஜெட் ஒன்று நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். அவர்கள் கண்காட்சி மைதானத்துக்கு வெளியே இருந்தவர்கள். அதன் பிறகுதான் விதிகள் இறுகின, பழைய ஜெட்டுகளின் சாகசங்களும் கட்டுப்படுத்தப்பட்டன. அந்த விதிகள் சரியானவை. டிக்கெட் வாங்காமல் வேலிக்கு வெளியே, ஓடுபாதை முனைக்கு நேராகக் கூடி நின்று படம் எடுக்காதீர்கள். விமானம் தாழ வரும் அந்தக் கோட்டில் ஆட்கள் நிற்பதால் காட்சியே நிறுத்தப்படும் நிலை வரலாம். தவிர, டிக்கெட் பணத்தில் ஒரு பங்குதான் இந்த எஞ்சின்களுக்கு எண்ணெயாகப் போகிறது.

கடைசியாக, வீட்டுக்கு வந்தபின் செய்ய வேண்டியது. ஒவ்வொரு படத்தின் கோப்புப் பெயரிலும் வால்பக்கம் எழுதியிருக்கும் வரிசை எண்ணைச் சேருங்கள்: பிஏ474, பி7350, பிஇசட்865 (இது ஒரு ஹரிக்கேன்). மூக்கு ஓவியமும் படைப்பிரிவு எழுத்துகளும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிப் பூசப்படும், வரிசை எண்தான் அந்த விமானத்தின் நிலையான அடையாளம். வேறொரு விமானத்தின் எண்ணைப் பூசிப் பறப்பவையும் உண்டு. அதனால் அன்றைய நிகழ்ச்சி நிரலைத் தூக்கி எறியாமல் ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது மகளின் வேலை. நான் படம் எடுக்கும்போதே அவள் நேரத்தையும் எண்ணையும் குறிப்பேட்டில் எழுதிவிடுகிறாள். கேமராவின் கடிகாரத்தைக் காலையிலேயே அவள் கைக்கடிகாரத்தோடு ஒத்துவைத்துவிட்டால், இரவில் ஒரு மணி நேரத்தில் எல்லாப் படங்களுக்கும் பெயர் வைத்து முடித்துவிடலாம்.